மாமரத்தில் ஒண்டுக்குடித்தனம்

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். வாழ்க்கைப்பட்டது மாம்பழத்துக்குப் பேர் போன ராஜபாளையம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மாமரம். அடிமரத்தில் கறையான் மண் அப்பியிருக்கும். மேலே கிளைகளில் முசிறு எறும்புக் கூடுகள்.

"மதினி, ரெண்டுக்கும் சேர்த்து விஷப் பொடி தூவிரலாமே" என்றார் கொழுந்தனார். குழந்தைகள் உதிர்ந்த மாங்காயைப் பொறுக்கித் தின்கிற இடமாச்சே! வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு காலத்தில் எல்லாரும் தூவிய பி.எச்.சி. பொடியையே 1997-ல் அரசு தடை செய்துவிட்டதே!

ஜென்மப் பகையாளிகள் ஒரே மரத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள்? கறையானுக்கு மெத்தென்ற உடம்பு; வெயிலும் ஆகாது, எறும்பும் ஆகாது. அந்த மண் பூச்சுதான் அதற்குக் கோட்டை. பெரிய மரத்தில் உள்ளிருந்தபடி பெரும்பாலும் காய்ந்த பட்டையைத்தான் அரிக்கிறது. முசிறோ இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுவைத் தறி நாடா போல அங்குமிங்கும் ஆட்டி, அதன் வாயிலிருந்து வரும் பட்டு இழையால் ஒட்டிக் கூடு கட்டுகிறது. மரத்துக்கு வரும் பூச்சிகள் பலவற்றை வேட்டையும் ஆடுகிறது.

அதனால் நான் தென்னந்துடைப்பத்தால் மண்ணைச் சுரண்டி விடுவதோடு சரி. கோட்டை இடிந்தால் மீதியை எறும்புகள் பார்த்துக்கொள்ளும்! மறுபடி அப்பினால் மறுபடி சுரண்ட வேண்டியதுதான்.

இளங்கன்றுக்குத்தான் கறையான் எமன். மக்காத சாணம் போட்டால் கறையானை அழைத்த மாதிரி. நன்றாக மக்கிய எருவோடு வேப்பம் பிண்ணாக்கு கலந்து போடுங்கள். முசிறு கடித்தால் சுரீரென்று வலிக்கும். குழந்தைகளை மட்டும் மரத்தில் ஏற விடாதீர்கள்.