தட்டினால் தெரியும்

தூத்துக்குடியில் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவனுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக நீர்க்கத் தொடங்கிவிடும். எங்கள் ஊர் ராத்திரிகளில் அது சர்வசாதாரணம். மழையில்லாத மாதத்திலும் வண்டியின் அடிப்பக்கம் கசகசத்துத்தான் கிடக்கும்.

வேலை பழக வரும் பையன்களின் கை முதலில் ஸ்ப்ரே கன்னுக்குத்தான் போகிறது. அடிப்பக்கத்தில் துரு பிடிக்காமலிருக்கக் கறுப்புக் கோட்டிங் அடிப்பது கொஞ்ச நேர வேலை, பார்க்கவும் ஜோராக இருக்கும். தொழில் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. வீல் ஆர்ச் மடிப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள், எத்தனை தரம் கழுவினாலும் மண் மிச்சமிருக்கும். இங்கே போர் தண்ணீரே உப்பு, ஆகவே கடைசி அலசல் நல்ல தண்ணீரில். அப்புறம் பகல் வெயில், மடிப்புகளுக்குக் கம்ப்ரசர் காற்று. கஸ்டமர் அவசரப்படுவார். படட்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஃபுளோரைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகரம் கணீரென்னும், துரு தின்றது விரிசல் விட்ட பானை மாதிரி மொத்தென்னும். "ஏலே, சத்தம் செத்த இடத்துல பெயின்ட அடிக்காத, வெட்டி எடு" என்பார். ஒருநாள், வேறெங்கோ புதிதாகக் கோட்டிங் அடித்த வண்டி ஒன்று வந்தது. பளபளப்பு. தட்டிப் பார்த்தவர், கத்தி முனையால் ஓரத்தைக் கீறி இழுத்தார். தார் பட்டை பட்டையாக உரிந்தது, முதுகில் துருச் செதிலோடு. ஈரத்தோடு அடித்திருக்கிறார்கள்.

செதிலைச் சுரண்டியே ஆக வேண்டும். வயர் பிரஷுக்கும் போகாமல் ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்குத்தான் ரஸ்ட் கன்வர்ட்டர். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும். மேலே எபாக்சி பிரைமர், தகரம் சேரும் இடங்களில் சீலர், பிறகே ரப்பர் கோட். சைலன்சர், பிரேக் டிஸ்க், சென்சார், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாவற்றுக்கும் பேப்பர் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டச் சோம்பக் கூடாது. கதவுக்கு அடியிலும் சில் ஓரத்திலும் உள்ள டிரெயின் ஹோல்களை அடைத்தீர்களோ, உள்ளே இறங்கும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. கழிவு ஆயிலை அடிக்கச் சொல்லும் லாரிக்காரர்களும் உண்டு. கொஞ்ச நாள் துரு அடங்கும்தான், ஆனால் புஷ் ரப்பரெல்லாம் ஊதிப் போகும்.

இத்தனையும் செய்தும் ஓட்டை விழுந்த ஃபுளோர்களைப் பார்த்திருக்கிறேன். ஏசி டிரெயின் குழாய் அடைத்தால் தண்ணீர் ஃபுளோர் மேட்டுக்கு அடியில் தேங்கி, மேலிருந்து அரித்துக்கொண்டு வரும். அதனால் வண்டியை ரேம்பில் ஏற்றுவதற்கு முன் கதவைத் திறந்து, முன்சீட்டு மேட்டைத் தூக்கிக் கையை வையுங்கள். ஈரம் தட்டினால் கோட்டிங் பேச்சை விட்டுவிட்டு முதலில் அந்தக் குழாயை ஊதுங்கள்.