பெரிய கப்பலும் சிறிய அறையும்

என் தமக்கை மகன் கப்பல் இஞ்சினீயர். தென் கொரியாவில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில், கப்பலை வாங்கும் கம்பெனியின் சார்பில் மேற்பார்வை பார்ப்பது அவன் உத்தியோகம். சில வருஷங்கள் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன், ஒரு நாள் மாலை காப்பி சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, அங்கே கப்பலைத் தலைகீழாகத்தான் கட்டுகிறார்கள், தெரியுமோ?" என்றான்.

"ஏண்டா, கதை எழுதுகிறவனிடமே கதை விடுகிறாயா?" என்றேன்.

"கதை இல்லை, மாமா. அண்ணாந்துகொண்டு வெல்டிங் செய்தால் உருகிய இரும்புப் பொறி முகத்திலேதானே விழும்? குனிந்து செய்வது சுலபம்; பற்றும் சரியாக இருக்கும். அதனால் ஒரு துண்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தே கட்டி முடித்துவிடுவார்கள். அப்புறம் கிரேனால் தூக்கி நிமிர்த்துவார்கள்."

துண்டு என்று அவன் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கப்பல் கட்டுவது என்றால், அடிமரம் போட்டு, விலா எலும்பு மாதிரி சட்டங்களை நிறுத்தி, பலகை அடித்து, கடைசியில் மாலை போட்டுக் கடலில் தள்ளுவது என்றே நான் எண்ணியிருந்தேன். அந்தக் காலம் எப்போதோ போய்விட்டதாம். இப்போது கப்பலைத் துண்டு துண்டாகப் பல கொட்டகைகளில் ஒரே சமயத்தில் கட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் சொல்கிறபடி இயந்திரம் இரும்புத் தகட்டை வெட்டுகிறது. வெட்டிய தகடுகளைச் சேர்த்துச் சிறு துண்டு. சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிய துண்டு. குழாய், ஏணி, மின்சாரக் கம்பி போகும் வழி எல்லாவற்றையும் தரையிலேயே உள்ளே பொருத்திவிடுகிறார்கள். பிறகு ராட்சதக் கிரேன் அதைத் தூக்கி, உலர்ந்த துறைக்குள் இறக்குகிறது. முழுக்கப்பலும் சேர்ந்த பின் துறைக்குள் கடல் நீரை விடுகிறார்கள். கப்பல் தானாக எழுந்து மிதக்கிறது. தள்ளுவதும் இல்லை, சறுக்குவதும் இல்லை.

எவ்வளவு பெரிய கப்பல் என்கிறீர்கள்? கொரியாவின் கோஜே தீவில் ஓக்போ என்ற இடத்தில் கட்டி, 2013-ஆம் ஆண்டில் மெர்ஸ்க் கம்பெனியிடம் ஒப்படைத்த முதல் 'டிரிபிள்-ஈ' கப்பலின் நீளம் 399 மீட்டர். அகலம் 59 மீட்டர். இருபதடிப் பெட்டிகளாகக் கணக்குப் பார்த்தால் 18,000 பெட்டிகளைச் சுமக்கும். இன்று 24,000 பெட்டிகளையும் தாண்டிவிட்டார்கள்.

"இதில் கஷ்டமான சமாசாரம் எது?" என்று கேட்டேன்.

அவன் உள்ளே போய்ச் செருப்பு வாங்கி வந்த அட்டைப் பெட்டியின் மூடியை எடுத்தெறிந்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் முறுக்கிக் காட்டினான். பெட்டிக் கப்பலும் இப்படித்தான். மேலே மூடிய தளம் கிடையாது, பெட்டிகளை இறக்க வாய் திறந்தே இருக்க வேண்டும். அலை அதைச் சாய்வாகத் தாக்கும்போது முறுக்கப் பார்க்கும். அதனால் மேல் விளிம்பில் 80 மில்லிமீட்டருக்கு மேலும் கனமுள்ள தகடுகளை வைத்துப் பற்றவைக்கிறார்கள்.

இத்தனை இயந்திரங்கள் இருந்தும், கப்பலின் முகப்பில் இரண்டு பக்கமும் வளைகிற தகட்டுக்கு மனிதக் கைதான் வேண்டியிருக்கிறது. ஒரு கையில் நெருப்புக் குழல், மறு கையில் தண்ணீர்க் குழாய். சூடு காட்டி, உடனே குளிரவைத்து, இரும்பைச் சுருங்கச் செய்து வளைக்கிறார்கள். எங்கே சுட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது பல வருஷம் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும்.

"கப்பலின் அடியில் இரட்டைச் சுவர் உண்டு, மாமா. அந்த இரண்டு சுவருக்கும் நடுவே சின்னச் சின்ன அறைகள். ஆள் நுழைகிற துவாரம் வழியே தவழ்ந்து போக வேண்டும். வெளிக் காற்றைக் குழாய் வைத்து உள்ளே அனுப்புவார்கள். அங்கே முழங்காலிட்டுக்கொண்டு, முகமூடி போட்டுக்கொண்டு, நாள் முழுக்க வெல்டிங்."

"அவர்களுக்குக் கப்பல் கண்ணில் படுமா?"

"தங்கள் கைக்கெட்டும் இரும்புதான் கண்ணில் படும்."

இதைச் சொல்லிவிட்டு அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்தப் பெரிய கிரேன்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். கொரியாவின் உல்ஸான் நகரில் ஒரு கிரேன் இருக்கிறது. உயரம் 138 மீட்டர். 1,500 டன் தூக்கும். முன்பு அது ஸ்வீடனில் மால்மோ நகரத்துக் கப்பல் தளத்தில் நின்றது. 1980-களில் அங்கே வர்த்தகக் கப்பல் கட்டும் தொழில் நின்றுபோயிற்று. 2002-இல் கொரியர்கள் அந்தக் கிரேனை ஒரே ஒரு டாலருக்கு வாங்கி, பிரித்துக் கப்பலேற்றிக் கொண்டு போனார்கள். அதற்குக் கொரியாவில் 'மால்மோவின் கண்ணீர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அடுத்த ஊரின் கண்ணீருக்குப் பேர் வைப்பது சுலபம். தன் ஊருக்கும் அது வரும் என்று யார் நினைக்கிறார்கள்?

பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் வந்தது. 2015-ஐ ஒட்டிக் கப்பல் வியாபாரம் படுத்தது. கொரியத் தளங்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. காண்டிராக்டர்களிடம் வேலை செய்தவர்களுக்குக் கூலி குறைந்தது. மறுபடி ஆர்டர்கள் குவிந்தபோதும் குறைந்த கூலி ஏறவில்லை. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அதே ஓக்போ தளத்தில் காண்டிராக்ட் தொழிலாளிகள் 30 சதவிகிதம் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். போனதைத்தான் திருப்பிக் கேட்கிறோம் என்றார்கள். அவர்களில் ஒரு வெல்டர், கட்டி முடியாத ஒரு கப்பலின் அடியில், நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒரே மீட்டராக உள்ள இரும்புக் கூண்டுக்குள் தம்மையே அடைத்து, வழியையும் பற்றவைத்துக்கொண்டார். காலை நீட்டிப் படுக்க முடியாத அந்தக் கூண்டில் 31 நாள் இருந்தார்.

"அது எங்கள் தளம் இல்லை, மாமா. ஆனாலும் அப்போது எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது" என்றான்.

51-ஆம் நாள் வேலை நிறுத்தம் முடிந்தது. கிடைத்த உயர்வு 4.5 சதவிகிதம்.

எனக்கு வெகு நேரம் அந்தக் கூண்டைப் பற்றியே நினைவு. பார்த்தவர்களுக்கு அது விபரீதமாகத் தோன்றியிருக்கும். யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. எத்தனையோ வருஷமாகத் தாம் குறுகி உட்கார்ந்து வேலை செய்த அறையை, கப்பலுக்குள்ளிருந்து எடுத்து நம் கண் முன்னே வைத்துவிட்டார், அவ்வளவுதான். உலகத்தின் மிகப் பெரிய கப்பல்கள் மிகச் சிறிய அறைகளிலிருந்துதான் பிறக்கின்றன என்பதைச் சொல்ல அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

"பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் வெல்டர் தன் எண்ணை எழுதி வைப்பது வழக்கம், மாமா. சோதனையில் குறை தெரிந்தால் ஆளைக் கூப்பிட வேண்டுமே! குறை இல்லை என்றால் பெயிண்ட் பூசிவிடுவார்கள். எண் மறைந்துவிடும்."

நான் எழுதும் புத்தகத்தில் குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அட்டையில் என் பெயர் பெரிதாக இருக்கிறது. அந்த மனிதர்கள் நன்றாக வேலை செய்தால் எண்கூட மிஞ்சுவதில்லை.

புறப்படும்போது, தான் மேற்பார்த்த கப்பலின் போட்டோவைக் கொடுத்தான். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை உற்றுப் பார்த்தேன்.

"என்ன மாமா தேடுகிறீர்கள்? பேர் முகப்பிலே எழுதியிருக்கிறதே!"

கப்பலின் பேர் கொட்டை எழுத்தில் தெரிந்தது. நான் தேடியது அதை அல்ல.