பாட்டு வேண்டாம் பாப்பா

கோடை லீவு விட்டதும் குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் சபை காம்பவுண்டுகளில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியின் பேனர் ஏறிவிடும். பாட்டு, கதை, கைவேலை, கடைசியில் டேலண்ட் டெஸ்ட். அன்றைக்குப் பிள்ளைகளைவிட அம்மாக்களுக்குத்தான் அதிகம் வேர்க்கும். மேடைக்கு முன்னால் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கூட்டத்தில் நானும் உண்டு. என் மகள் கீபோர்டு வாசிப்பாள். வாசித்து முடித்ததும் நடுவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்ப்பேன். ஒரு பிள்ளையை வலப்பக்கமும் இன்னொரு பிள்ளையை இடப்பக்கமும் உட்கார வைக்கச் சொல்லி இயேசுவிடம் கேட்டாளே செபெதேயு குமாரரின் தாய், அவள்மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. எங்கள் தெரு அக்கா மாதிரிதான் தெரிகிறாள்.

என் அம்மா வேறு ரகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டுக் கிழக்குத் தாம்பரத்துக்கு வந்தவள். எனக்குக் குரல் இருப்பதைப் பாடகர் குழுவில் கண்டுபிடித்து, "கர்த்தர் கொடுத்த வரம்" என்று சபையில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அது என் தலைக்கு ஏறியது. அம்மா மட்டும், "வரம் சரிட்டி, யாருக்காகக் கொடுத்தாரு?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைச் சானடோரியத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தாள்.

இன்றைக்குப் பலருக்குச் சானடோரியம் என்றால் ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதான். காசநோய்க்குச் சரியான மருந்தே இல்லாத காலத்தில், 1928இல், டாக்டர் சவரி முத்து தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர் அவர். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு என்பதுதான் அன்றைய வைத்தியம்; மரமும் வெட்டவெளியுமாக அந்த இடம் அமைந்ததும் அதற்காகத்தான். பிற்பாடு அரசு ஏற்று நடத்தியது. 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளும் அங்கே வரத் தொடங்கினார்கள். பெற்றவர்களே தொட அஞ்சிய காலம் அது. அரசின் இலவசக் கூட்டு மருந்து வந்ததே 2004இல்தான்.

அம்மாவின் பையில் பைபிளோடு இன்லேண்ட் லெட்டரும் தேங்காயெண்ணெய் பாட்டிலும் இருக்கும். கேட்டவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாள். என்னை வார்டுக்குள் கூட்டிப்போக மாட்டாள். நடமாட முடிந்தவர்கள் மரத்தடிக்கு வந்து உட்காருவார்கள். முதல் நாள் நான் பாடகர் குழுவில் நிற்பது போலவே கையைக் கோத்து, தொண்டையைச் செருமி, ஒரு கீர்த்தனையை எடுத்தேன். பல்லவி முடிவதற்குள் சால்வை போர்த்திய ஒருவர் கையைத் தூக்கினார்.

"பாட்டு வேண்டாம் பாப்பா. பேப்பர் படிப்பியா?"

அவரிடம் கசங்கிய தினத்தந்தி ஒன்று இருந்தது, கண்ணாடி இல்லை. தலைப்புச் செய்தியைப் படித்தேன். அது வேண்டாமாம். உள்ளே எங்கோ பொடி எழுத்தில் ஊர் ஊராக மழை அளவு போட்டிருப்பார்கள், அதைப் படிக்கச் சொன்னார். திண்டிவனம் வந்ததும், "இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். "ஏரிக்குத் தண்ணி வந்திருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

திரும்பி வரும்போது நான் அழுதேன். என்னைப் பாடவிடவில்லை என்பதுதான் குறை. அம்மா சமாதானம் எல்லாம் சொல்லவில்லை. "உன் தொண்டையத்தானே கேட்டாரு. அது பாடுனா என்ன, மழை சொன்னா என்ன?" என்றாள்.

கொரிந்து சபையின் வம்பும் இதுதான். யாருடைய வரம் உசத்தி என்று அங்கே போட்டி. அதைத் தீர்க்கத்தான் பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் வரங்களையும், 14இல் சபையில் அவற்றைப் பயன்படுத்தும் ஒழுங்கையும் எழுதினார். நடுவில்தான் அன்பைப் பற்றிய 13ஆம் அதிகாரத்தை வைத்தார். நாமோ அந்த நடு அதிகாரத்தை மட்டும் உருவி எடுத்துக் கல்யாண வீட்டில் வாசிக்கிறோம். டேலண்ட் டெஸ்ட்டில் வாசித்தால் உறைக்கும். இன்னொன்று: அந்த 12ஆம் அதிகாரப் பட்டியலில் பாட்டு இல்லை, உபகாரம் இருக்கிறது. உபகாரத்துக்குப் போட்டி வைத்த சபையை நான் இதுவரை பார்த்ததில்லை.

தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும், பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் நினைவுபடுத்திவிட்டு அடுத்த வசனத்திலேயே வரத்தை அனல்மூட்டி எழுப்பச் சொல்கிறார் பவுல். அந்த வரிசை சும்மா அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்காக மேடையே ஆகாது என்று சொல்லவில்லை. மேடை ஏறாத பிள்ளைக்குக் கூச்சம் போகாது. மகளை இப்போது நானும் படுக்கையில் கிடக்கும் பெரியவர்கள் வீடுகளுக்குக் கூட்டிப்போகிறேன். "போர் அடிக்குதும்மா" என்கிறாள். அடிக்கத்தான் செய்யும். நானும் வெகுநாள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். கால் போன பிறகுதான் மனசு போனது, அதுவும் மெதுவாக. பிள்ளைக்கு இஷ்டம் வரட்டும் என்று அம்மா காத்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.

அதனால் சக அம்மாக்களுக்கு ஒன்று. வருகிற ஞாயிறு ஸ்பெஷல் சாங் பாடி முடித்த பிள்ளையை, உங்கள் சபையில் நடமாட முடியாமல் இருக்கும் ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். வீடியோ எடுக்காதீர்கள். பாடட்டுமா என்று பிள்ளை முதலில் கேட்கட்டும். வேண்டாம் என்றால், வேறு என்ன வேண்டும் என்று கேட்கட்டும்.