நின்றால் சூடு, ஓடினால் சூடு

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, கணவர் கார்லிடம் சொல்லாமல், மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மோட்டார் வண்டியில் கிளம்பினார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் அதற்குமுன் யாரும் அப்படிப் போனதில்லை. அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், காலுறைப் பட்டியால் மின்கம்பியைச் சுற்றினார் என்ற இரண்டு செய்திகளை எல்லாரும் ரசித்துச் சொல்வார்கள். பெண்ணின் உடையிலிருந்து வந்தவை அல்லவா, அதில் ஒரு கிளுகிளுப்பு. ஆனால் வழிநெடுக அவர் செய்த வேலை வேறு. தண்ணீர் ஊற்றினார்.

அந்த வண்டியில் இன்று இருப்பதுபோன்ற ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றியிருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி, வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். போன தண்ணீரை ஈடுகட்ட, கிணறோ ஓடையோ சத்திரமோ எது எதிர்ப்பட்டாலும் நிறுத்தி நிரப்ப வேண்டும். அவருடைய சீதனப் பணம் திருமணத்துக்கு முன்பே கார்லின் தொழிலில் போடப்பட்டிருந்தது. 1886இன் காப்புரிமை கார்லின் பெயரில் இருந்தது. தண்ணீர் ஊற்றியதற்குக் காப்புரிமை எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் இருந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரத்தைத் தாண்டினால் வண்டலூர். அங்கிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961இலிருந்து செய்த வண்டி. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் அது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. அதே சட்டகத்தைக் குட்டையாக்கி, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்த உறவுமுறையில் அப்பாவுக்குப் பெருமை அதிகம். சோழவரத்தில் ஹெரால்டுகள் ஓடிய பந்தயங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். இங்கிலாந்துக் குளிருக்குக் கணக்குப் போட்ட ரேடியேட்டர் செங்கல்பட்டு மே மாதத்தில் என்ன ஆகும் என்பது மட்டும் அந்தப் பேச்சில் வராது.

கொதித்தது. மதுராந்தகத்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கொதித்தது. அம்மாவின் காலடியில் ஐந்து லிட்டர் வெள்ளை கேன் இருக்கும், மடியில் ஒரு பழைய துண்டு. வண்டி ஓரங்கட்டியதும் அம்மா இறங்குவார். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைத் திடீரென்று விட்டால் இரும்பு விரிசல் விடும், அதனால் எஞ்சினை ஓடவிட்டபடி மெதுவாக ஊற்ற வேண்டும். அப்பா உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருப்பார். அம்மா ஊற்றுவார். ஒரு தடவை மூடி தெறித்து, ஆவி அடித்தது. வலது முன்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் அப்பா என்றுதான் சொல்வோம். அம்மாவுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

அப்பா இறந்த பிறகு, வண்டி அண்ணனுக்குத்தான் என்று உறவினர் எல்லாரும் தாமாகவே முடிவுசெய்துவிட்டார்கள். அண்ணனுக்கு அதை விற்றுவிட எண்ணம். அப்பா சம்பாதித்து வாங்கிய பொருள், உயில் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் சமபங்கு. வீட்டில் பங்கு கேட்கும் மகளைப் பார்த்திருக்கிறார்கள், திட்டவும் பழகியிருக்கிறார்கள். ஓடாத காரைக் கேட்கும் மகளை எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. "பொம்பளைக்கு எதுக்குடி பழைய வண்டி?" என்றார் பெரியம்மா. அண்ணனின் பங்குக்குரிய பணத்தைக் கொடுத்தேன். வாரிசுச் சான்றிதழ், படிவம் 31, அம்மாவின் கையெழுத்து, அண்ணனின் கையெழுத்து எல்லாம் சேர்ந்து, ஆர்.சி. புத்தகம் என் பெயருக்கு வந்தது.

முதலில் போன பட்டறையில், "சார் எப்ப வருவாரு மேடம்? அவர்கிட்டப் பேசிக்கிறேன்" என்றார்கள். எந்த சார் என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்துப் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். ஹெரால்டின் பானெட் பக்கத்துக்கொரு கொக்கியை விடுவித்தால் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதாக முன்பக்கம் சாயும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். அவர் அப்படி உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நிக்கும்போது சூடு ஏறுதா, ஓடும்போது ஏறுதா?"

எனக்குத் தெரியாது. நான் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வளர்ந்தவள். பதில் வாசற்படியிலிருந்து வந்தது.

"ஆரம்பத்துல நிக்கும்போது மட்டும்தாங்க. குரோம்பேட்டை சிக்னல்ல, பெருங்களத்தூர் நெரிசல்ல. கிளம்பிட்டா முள்ளு தானா எறங்கிடும். போர் தண்ணி ஊத்த ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, ஓடும்போதே ஏறிச்சு. கூடுவாஞ்சேரி தாண்டறதுக்குள்ள. முதல்ல ரப்பர் வாசனை வரும், அப்புறம்தான் முள்ளு."

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா சொன்னதுல ரெண்டு நோயும் வந்துடுச்சு" என்றார்.

அந்த இரண்டையும் அவர் எனக்கு விளக்கினார். நிற்கும்போது மட்டும் சூடேறினால் குறை காற்றில். ஹெரால்டின் விசிறி எஞ்சினின் சுழற்சியோடு பிணைந்தது. வேகமாக ஓடினால் விசிறியும் வேகமாகச் சுற்றும், எதிர்காற்றும் வந்து மோதும். நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் மெல்ல ஓடுகிறது, விசிறியும் மெல்லச் சுற்றுகிறது, எதிர்காற்றும் இல்லை. காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. ஓடும்போதும் சூடேறினால் குறை பெரும்பாலும் தண்ணீர்ப் பாதையில். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க, பாத்திரத்தில் படிவதுபோலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் உப்பு படிந்து அடைத்துவிடும்.

முப்பது வருடம் ஓரங்கட்டிய இடங்களை அம்மா மனத்தில் குறித்து வைத்திருந்தார். அப்பா ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

வேலை இரண்டு மாதம் நடந்தது. ரேடியேட்டரின் மேல், கீழ்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு, நடுவில் கூடுதல் வரிசைக் குழாய்கள் கொண்ட புதிய செம்புக் கோர் பற்றவைத்தார்கள். யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ கழற்றி எறிந்திருந்த தெர்மோஸ்டாட் திரும்ப வந்தது. நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்பது பட்டறைகளில் ஒரு நம்பிக்கை. உண்மையில் அது 82 டிகிரி போலத் திறந்து, எஞ்சினைச் சரியான சூட்டில் வைத்திருக்கிறது. திறந்த பிறகு அது வெப்பத்தைக் கூட்டுவதில்லை. தளர்ந்த ரேடியேட்டர் மூடியை மாற்றினோம். மூடி வெறும் மூடியல்ல. அது தாங்கும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு கூடினால், கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயரும். சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் அழுத்தம் விழுந்து, உள்ளிருப்பது அந்த நொடியே ஆவியாகப் பாயும். அம்மாவின் கைத்தழும்புக்குக் காரணம் அவருடைய அவசரம் என்றே வீட்டில் சொல்லிவந்தோம். ஆறும்வரை பொறுக்காதவர் யார் என்பது வேறு கணக்கு.

எஞ்சினோடு பிணைந்த விசிறியை எடுத்துவிட்டு மின்விசிறி வைத்தோம். காற்று ரேடியேட்டரின் முழுப்பரப்பின் வழியாகவும் இழுபட, சுற்றிலும் தகட்டுக் கூடு. சூடு ஏறினால் தானாகப் போடவும் தணிந்தால் நிறுத்தவும் ஒரு சுவிட்ச். பழைய டைனமோ மெதுவோட்டத்தில் இவ்வளவு மின்சாரம் தராது என்பதால் ஆல்டர்னேட்டரும் மாறியது. போர் தண்ணீருக்குப் பதிலாகப் பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர்.

எனக்கு மிகவும் பிடித்தது இவற்றிலேயே விலை குறைந்த ஒரு பொருள், ரேடியேட்டர் பக்கத்தில் மாட்டிய பிளாஸ்டிக் குப்பி. முன்பு சூட்டில் விரிந்து மிஞ்சும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகச் சாலையில் கொட்டிவிடும். ஆறியதும் உள்ளே பற்றாக்குறை, மறுபடி ஊற்ற வேண்டும். இப்போது மிஞ்சுவது குப்பிக்குப் போகிறது, ஆறியதும் தானே திரும்புகிறது. அந்தக் குப்பியின் வேலையைத்தான் இத்தனை காலம் அம்மா செய்துகொண்டிருந்தார். ஒரு எந்திரத்தில் குறை இருந்து, அந்தக் குறையை ஒருத்தி கையால் நிரப்பிக்கொண்டே இருந்தால், எந்திரம் சரியாக இருப்பதாகவே எல்லாருக்கும் தோன்றும். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. எங்கள் கல்லூரித் துறையிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள், எல்லாரும் பெண்கள்.

மே மாதம் மதுராந்தகம் போனோம். நான் ஓட்டினேன். அம்மா கேனை எடுத்து வைத்தார். வேண்டாம் என்றதற்கு, "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். சிங்கப்பெருமாள் கோயில் நெரிசலில் முள் நடுவைத் தாண்டியது. "ஃபேன் போட்டுடுச்சு" என்றார். எனக்கு அந்தச் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. முள் இறங்கியது.

ஊரில் போய் நின்று, சாவியைத் திருகி எடுத்த பிறகும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டி நின்னப்புறமும் ஓடுதே?"

"சூடு தணியற வரைக்கும் ஓடும்மா. அப்படித்தான் ஒயர் குடுத்திருக்கோம்."

வாசலில் பெரியம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு, அது நிற்கும்வரை அம்மா இருக்கையை விட்டு எழவில்லை.