பட்டத்தை விட்டுவிட்டுப் போனவர்

பிரான்சிஸ் எங்கானூவை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது. கேமரூனின் பட்டியே ஊரில், பள்ளி வயதிலேயே மணல் குவாரியில் மண்வெட்டி பிடித்தவர். 2012இல் குத்துச்சண்டைக் கனவோடு கிளம்பி, சகாராவைக் கடந்து, மொராக்கோ எல்லையில் திரும்பத் திரும்பப் பிடிபட்டு, ஸ்பெயினில் அடைபட்டு, பாரிஸ் தெருவில் படுத்தெழுந்தார். கலப்புத் தற்காப்புக் கலைக்கு வந்தது அங்கேதான். 2021 மார்ச்சில் ஸ்டீபே மியோசிச்சை இரண்டாம் சுற்றில் சாய்த்து, அந்தக் கலையின் போட்டி அமைப்பான யுஎஃப்சியில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார்.

அந்த அடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பெரிது 2023 ஜனவரி. இடுப்பில் பட்டம், எதிரே யுஎஃப்சி நீட்டிய பெரிய ஒப்பந்தம். அவர் கேட்டதோ வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு, சொந்தமாக விளம்பரதாரர் பிடிக்கும் உரிமை, நிர்வாகக் கூட்டத்தில் வீரர்கள் சார்பாகப் பேச ஓர் ஆள். கிடைக்கவில்லை, பட்டத்தை விட்டுவிட்டு வெளியேறினார். வயது 36. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை!

அந்த அக்டோபரில் ரியாத்தில், குத்துச்சண்டையில் சாம்பியன் டைசன் ஃபியூரியையே மூன்றாம் சுற்றில் தரையில் விழவைத்தார். தீர்ப்பு ஃபியூரி பக்கம் போனது, போகட்டும். புதிதாகச் சேர்ந்த பிஎஃப்எல் என்ற கலப்புத் தற்காப்புக் கலை அமைப்பில், தன்னோடு மோத வருபவருக்கும் குறைந்தது 20 லட்சம் டாலர் தர வேண்டும் என்று பேசி வாங்கினார். தன்னை வீழ்த்த வருகிறவரின் கூலிக்காகவும் வாதாடிய மனிதர் இவர்.