அரைநிலாச் சாவி

காலம் பொன் போன்றது என்று பள்ளிப் பருவத்திலே பலமுறை எழுதியிருக்கிறோம். அந்தப் பொன்னை எவ்வளவு நுண்ணிய தராசில் நிறுக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூற்றின் பாதி பிந்தினால் ஒரு குடும்பத்தின் காலைப்பொழுதே தடுமாறிவிடும் என்றால் நம்புவீர்களா நண்பர்களே? நானும் முதலில் நம்பவில்லை.

என் தந்தையார் பால் ஊற்றுபவர். எங்கள் வீட்டுப் பாலோடு அக்கம்பக்கத்துப் பாலையும் சேர்த்து, வண்டியின் இருபுறமும் கேன்களை மாட்டிக்கொண்டு, 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சங்கத்திற்குக் காலை 6½ மணிக்குள் சென்று சேர வேண்டும். வண்டி 100 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக், 1990-களில் செய்தது, என்னைவிட மூத்தது. சென்ற கார்த்திகையில் அது முரண்டு பிடிக்கத் தொடங்கியது. பத்து உதைக்கு ஒருமுறை உயிர் வரும். மேட்டைக் கண்டால் இழுவை இராது. சைலன்சர் அடுப்பாகக் கொதிக்கும். நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டியபோது, "போர் போட்டுப் பிஸ்டன் மாற்ற வேண்டும்" என்று ஏழாயிரம் ரூபாய்க்குக் கணக்குச் சொன்னார்கள். அப்பா மறுமொழி சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அன்றிரவு, பழைய இரும்புக் கடைக்காரர் என்ன விலைக்கு எடுப்பார் என்று அம்மாவிடம் அவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. வண்டி போனால் பால் போகும். பால் போனால் மாடும் போகும். எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் ஊர் எல்லையில் பஞ்சர்க் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஆறாம் வகுப்போடு ஏட்டைக் கீழே வைத்து ஸ்பானரைக் கையில் எடுத்தவர் அவர். கையால் கிக்கரை மெல்ல அமுக்கிப் பார்த்தார். "கம்ப்ரஷன் நல்லாத்தான் இருக்குது தம்பி. கரண்டுதான் லேட்டா வருது. மேக்னட்டைக் கழட்டிப் பார்த்திடுவோம்" என்றார்.

மேக்னட் என்று அவர் குறிப்பிட்டது ஃப்ளைவீலை. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்தூண்டல்தான் அதற்குள் குடியிருக்கிறது. காந்தம் பதித்த சக்கரம் கம்பிச் சுருளைச் சுற்றிவர, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும் வரையில் அது அதன் வழியே ஓடும். பாயிண்ட் திறந்த கணத்தில் ஓட்டம் அறுபட, இன்னொரு சுருளில் பல்லாயிரம் வோல்ட்டு எழுந்து பிளக்கின் முனையில் பொறியாகத் தாவும். 1897-இல் ராபர்ட் பாஷின் பட்டறையார் ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு மேக்னெட்டோவைப் பொருத்தினர். 1902-இல் அங்கேயே பணியாற்றிய கோட்லோப் ஹோனோல்டு உயர் அழுத்த மேக்னெட்டோவையும் ஸ்பார்க் பிளக்கையும் இணைத்தார். தேர்வுக்காக நான் மனனம் செய்த பாடம், கிரீஸ் படிந்த அந்தக் கடையின் சாக்குமீது திறந்து கிடந்தது.

அண்ணன் இடப்பக்க மூடியைக் கழற்றி, சக்கரம் சுழலாமல் பிடிகருவியால் இறுக்கி, நட்டைத் தளர்த்தினார். நட்டு எளிதாகக் கழன்று வந்தது. "இது நல்லதுக்கில்லை" என்று முணுமுணுத்தார். பிறகு புல்லரை எடுத்தார். அதன் மரை இடக்கை மரை. வழக்கத்திற்கு மாறாகத் திருப்ப வேண்டும். மரை முழுவதும் உள்ளே இறங்கிய பின்னரே நடு போல்ட்டை இறுக்கி, அதன் தலையில் சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். 'டக்' என்ற ஓசையோடு சக்கரம் கையில் வந்தது. சக்கரத்தின் விளிம்பில் அடித்துக் கழற்றுவோரும் உண்டு. அவ்வாறு செய்தால் காந்தம் வலுவிழக்கும், தண்டும் வளையும்.

தண்டின் காடியில் அரைநிலா வடிவத்தில் ஒரு சிறு இரும்புத் துண்டு, அதுதான் சாவி. அதன் தோள் பாதி வெட்டுண்டு, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விலகிப் படிபோல் நின்றது. அவ்விடத்தில் தண்டின் விட்டம் சுமார் 14 மில்லிமீட்டர். அப்படியானால் 1 மில்லிமீட்டர் விலகல் 8 பாகைக்குச் சமம். தண்டு முன்னே ஓட, சக்கரம் பின்தங்கியிருக்கிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்றில் 8 பாகை என்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு கூற்றுக்கும் குறைவு, ஏறத்தாழ 0.44 கூறு! அத்தனைக்கே மேடு ஏற மறுத்தது வண்டி.

"சாவி ஒடைஞ்சதுக்குச் சாவி காரணமில்லே தம்பி. சக்கரத்தைப் பிடிச்சிருக்கிறது இந்தச் சரிவுதான். சாவி இடத்தைக் காட்டுற ஆளு, அவ்வளவுதான். நட்டு தளர்ந்தா பாரமெல்லாம் சாவி தலையிலே விழுந்திடும்" என்றார் அண்ணன். கூம்புப் பரப்பின் உராய்வைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

புதிய சாவி ஒரு தேநீர் விலை. கூம்பைப் பெட்ரோலால் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்த்திச் சக்கரத்தைப் பொருத்தி, நட்டை நன்றாக முடுக்கினார். பின்னர்ச் சக்கரத்தின் சாளரம் வழியே பாயிண்ட் இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கு வைத்தார். இடைவெளி கூடினால் பாயிண்ட் முந்தித் திறக்கும். ஆதலால் முதலில் இடைவெளி, அதன்பின்தான் டைமிங்.

டைமிங் பார்க்க அவர் எடுத்தது ஒரு சைக்கிள் ஸ்போக். அதில் அரத்தால் கீறிய இரண்டு கோடுகள். பிளக் துளையில் அதை நிறுத்தி, பிஸ்டன் உச்சியைத் தொடும் இடத்தைக் கண்டு, சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பி, மீண்டும் முன்னோக்கி மெல்லக் கொண்டுவந்தார். பாயிண்ட் நடுவே ஒரு மெல்லிய தாள். மேற்கோடு வந்த வேளையில் தாள் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சற்றுப் பிந்தியே வந்தது. காயில் பிளேட்டைச் சுழற்சிக்கு எதிராக மயிரிழை நகர்த்தினார். இப்போது சரியாக வந்தது.

அந்த ஸ்போக்கை வாங்கி வெர்னியரில் வைத்தேன். கோடுகளின் இடைவெளி 1.8 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் 50, கனெக்டிங் ராடு 100 மில்லிமீட்டர் என வைத்துக் கணக்கிட்டால், அது உச்சிக்கு முன் ஏறத்தாழ 20 பாகை; கையேட்டிலும் 1.8 என்றே இருந்தது. "என் குரு கொடுத்தது தம்பி, கணக்கெல்லாம் தெரியாது" என்றார் அவர்.

மறுநாள் இரண்டாம் உதையிலேயே வண்டி உயிர்பெற்றது. கேன்களோடு மேடேறிப் போன அப்பா 6.20-க்குச் சங்கத்தில் இருந்தார்.

இன்றைய வண்டிகளில் பாயிண்ட் இல்லை. பொறியின் நேரத்தை மின்னணுவியல் பார்த்துக்கொள்கிறது. ஆயினும் கூம்பும் அரைநிலாச் சாவியும் இன்னும் பலவற்றில் இருக்கத்தான் செய்கின்றன. ஆய்வுக்கூடத்தில் வெர்னியரைப் பிடிக்கும் தோழர்களே, உங்கள் ஊரிலும் ஒரு ஸ்போக் இருக்கும். ஒருமுறை அதை அளந்து பாருங்கள். ஏழாயிரம் ரூபாய் சொன்ன இடத்தில் எவரும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. பஞ்சர்க் கடை அண்ணன் கழற்றிப் பார்த்தார். எங்கள் வீட்டு மாடு இன்னும் எங்கள் தொழுவத்தில்தான் நிற்கிறது.