குற்றாலப் பயணமும் இரண்டு ரக்அத்தும்

சென்னையில் ‘கேரவன்’ என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். படுக்கையும் சமையலறையும் அடங்கிய வண்டியில் குடும்பத்தோடு மலைப்பயணம் போவது மேல்நாட்டார் வழக்கம். நமக்கு வாய்ப்பது வாடகை வேன். இரவில் ரயிலேறினால் காலையில் தென்காசியில் இறங்கிவிடலாம் என்பது உண்மையே. ஆயினும் முழங்கால் வலியுள்ள இரண்டு மூதாட்டிகளும் ஐந்து குழந்தைகளும் உள்ள குடும்பத்திற்கு, வேண்டிய இடத்தில் நிறுத்தி உளூச் செய்து தொழ வேனே வசதி.

கடந்த ஜூலையில் அப்படித்தான் புறப்பட்டோம். ஃபஜ்ர் தொழுததும் மயிலாப்பூரில் என் உம்மாவையும் அடையாற்றில் மாமியையும் ஏற்றிக்கொண்டோம். மொத்தம் பன்னிரண்டு பேர். வழுக்காத செருப்புகளை முதல் நாளே தி.நகர் ரங்கநாதன் தெருவில் வாங்கியாயிற்று. வழியில் சமைக்கச் சிறிய கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளலாமே என்றார் ஓட்டுநர். என் கணவர் மறுத்துவிட்டார். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் இறந்ததை அவர் மறக்கவில்லை. இட்லியும் எலுமிச்சைச் சாதமும் போதுமாயின.

உம்மா காயல்பட்டினத்துக்காரர், ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். மாமி ராவுத்தர் குடும்பம், ஹனஃபி. சென்னையில் இந்த வேறுபாடு ஃபஜ்ரில் குனூத் ஓதுவதா இல்லையா என்பதோடு முடிந்துவிடும். 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணத்தில் அது ஒவ்வொரு வக்திலும் எழுந்து நின்றது. ஹனஃபிகளுக்குப் பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குவது வாஜிப். ஆனால் இரண்டு வக்துகளைச் சேர்த்துத் தொழ அனுமதியில்லை. ஷாஃபிஈகளுக்குச் சுருக்குவதும் சேர்ப்பதும் சலுகை.

திருச்சி அருகே ஒரு பள்ளிவாசலில் பெண்களுக்குத் தனி இடம் இருந்தது. மாமி ளுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழுது எழுந்தார். உம்மா நாற்காலியில் அமர்ந்து நான்கும் தொழுதார். அஸரைச் சேர்க்கவும் இல்லை. ஆகவே திருமங்கலம் தாண்டி மீண்டும் நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே பெண்கள் தொழ இடம் கிடைக்காமல் ஒரு பெட்ரோல் பங்கின் பின்புறம் பாய் விரித்தோம். (நெடுஞ்சாலைப் பள்ளிவாசல்களில் பெண்களுக்கு ஓர் அறையும் ஒரு குழாயும் ஒதுக்குவது இவ்வளவு கடினமா என்று தோன்றாமலில்லை.) நாற்காலியும் இல்லை. உம்மா வேனின் படியில் அமர்ந்து நான்கு ரக்அத் தொழுதார்.

“இரண்டு போதுமே, சம்பந்தி” என்றார் மாமி.

“உங்களுக்குக் கடமை, எனக்குச் சலுகை. சலுகையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு” என்றார் உம்மா.

சட்டப்படி அதில் பிழையில்லை. நெடும்பயணத்தில் சுருக்குவதே சிறப்பு என்று ஷாஃபிஈ நூல்களும் கூறுகின்றன என்று என் கணவர் மெல்லச் சொன்னார். உம்மா பதில் பேசவில்லை.

எனக்கு அது மத்ஹபைப் பற்றிய பேச்சாகத் தோன்றவில்லை. வாப்பா மறைந்தபோது எனக்கு ஒன்பது வயது. தையல் இயந்திரத்தை மிதித்தே எங்கள் மூவரையும் உம்மா வளர்த்தார். அந்த முழங்கால் வலி அங்கிருந்து வந்ததுதான். ரமழானில் ஸகாத் கொண்டுவந்தவர்களிடம், “எனக்கு இரண்டு கை இருக்கிறது; இல்லாதவர்களுக்குக் கொடுங்கள்” என்று கூறி வாசலிலேயே திருப்பி அனுப்புவார்.

இரவில் குற்றாலம் சேர்ந்தோம். மறுநாள் பேரருவியில் வெள்ளப் பெருக்கு, குளிக்கத் தடை. குழந்தைகள் முகம் தொங்கியது. பெரியவர்கள் குறை சொல்லவில்லை. 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றதை அறிந்தவர்கள், காவலரின் விசிலை இடைஞ்சலாக நினைக்கமாட்டார்கள். கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கினோம். பிரானூர் பார்டர் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் அன்றைய துயரைப் பெருமளவு குறைத்தன. மற்றபடி அந்த ஊர்க் கடைத்தெரு, எந்தச் சுற்றுலா ஊரின் கடைத்தெருவையும் போன்றதே: இரைச்சலும் பிளாஸ்டிக்கும்.

அன்று பிற்பகல் விடுதி அறையில், சாரல் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தபோது, மாமி ஒரு செய்தியைச் சொன்னார். அந்நிஸா அத்தியாயத்தின் 101ஆம் வசனம் பயணத் தொழுகையைச் சுருக்குவதைப் பகைவர் அச்சத்தோடு சேர்த்துப் பேசுகிறது. மக்கள் அச்சமற்று வாழும் காலத்தில் இது எதற்கு என்ற வியப்பு உமர் (ரலி) அவர்களுக்கே எழுந்திருக்கிறது. நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய ஸதகா, அவனுடைய ஸதகாவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் விடையளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் அது. மாமி உம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, பேரப்பிள்ளைகளுக்குத்தான் சொன்னார்.

உம்மா, “ஸதகா என்றா வருகிறது?” என்று மட்டும் கேட்டார்.

“ஆம், ஸதகா.”

அதன்பின் அவர் நெடுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் தடை நீங்கியது. பேரருவியில் பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. மேலே பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து வேகம் தணிந்த பிறகே நீர் கீழே வருகிறது. இல்லையெனில் அதன் அடியில் மனிதர் நிற்க இயலாது. கரையில் நின்று பார்க்கிறேன் என்றவரை மாமிதான் கைப்பிடித்து அழைத்துப் போனார். கம்பியைப் பற்றிக்கொண்டு, தலை முதல் கால் வரை மூடிய உடையோடு, உம்மா நீரின் அடியில் நின்றார். போதும் என்று நான் இருமுறை அழைத்தேன். மூன்றாம் முறைதான் வெளியே வந்தார். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றேன். “நீர் அடித்த அடியில் அது எங்கே என்று தெரியவில்லை” என்று சிரித்தார்.

திரும்பும் வழியில், விக்கிரவாண்டியில் மாமி மஃரிப் தொழ இறங்கினார். உம்மா இறங்கவில்லை. “நான் இஷாவோடு சேர்த்துக்கொள்வதாக நிய்யத் வைத்துவிட்டேன்” என்றார். மாமி ஒன்றும் சொல்லாமல் முஸல்லாவை எடுத்துக்கொண்டு போனார்.

செங்கல்பட்டை நெருங்கும்போது உம்மா முன்னிருக்கையைத் தட்டினார். “பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டினால் பட்டணம் வந்துவிடும். ஊர் எல்லைக்குள் போய்விட்டால் எனக்கு நான்காகிவிடும். இங்கேயே ஒரு பள்ளியைப் பார்த்து நிறுத்தச் சொல்.”

மஃரிப் மூன்று, இஷா இரண்டு. ஸலாம் கொடுத்துவிட்டு வேனில் ஏறியவர், மயிலாப்பூர் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் என்றேன்.

“அப்படியானால் தூங்கலாம்” என்று மாமியின் தோளில் சாய்ந்துகொண்டார்.